பதினொன்றாம் நாள்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். போன மாதம் பிடித்த இருமல் ஒருவழியாக விட்டுவிட்டது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? லிஃப்ட் குழிக்குள் மணிக்கணக்காகக் குனிந்து வேலை பார்க்காதே என்று உன் மனைவி சொன்னால் நீ கேட்பதில்லை. நானும் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன்.

ஃபோனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை. எடுத்தாலும், "சைட்ல இருக்கேன் அண்ணி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த 'அப்புறம்' நான்கு மாதமாக வரவில்லை. அதனால்தான் கடிதம். இதை நீ பாதியில் துண்டிக்க முடியாது பார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன செப்டம்பரில் உன் அண்ணன் உன்னோடு நடக்கப் போன மலைப்பாதையை நான் நடக்கப் போகிறேன். முழுப் பாதையையும். பதினெட்டு நாள், இருநூற்று எண்பது கிலோமீட்டர். அவருக்குப் பதினொன்றாம் நாளோடு முடிந்துவிட்டது. அந்த இடத்தைத் தாண்டி மீதி ஏழு நாளையும் நான் நடக்க வேண்டும். ஏன் என்று கேட்காதே, எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அனுமதிக்கு எழுதிப் போட்டேன், வந்துவிட்டது. ஜூன் மூன்றாம் தேதி தொடக்கம்.

எங்கள் பல் செட் பட்டறையில் சொன்னேன். முதலாளி ஒரு கீழ்த்தாடைப் பல் செட்டைத் தேய்த்துக்கொண்டே, "மாடிப்படி ஏறினாலே உங்களுக்கு மூச்சு வாங்குது. நாப்பத்தேழு வயசுல மலையா?" என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை. எனக்கு நாய் என்றால் பயம். பால்கனியிலிருந்து கீழே பார்க்கப் பயம். வீட்டில் தனியாகக் குளிக்கும்போது கதவு தட்டினால்கூடப் பயம். அந்த லட்சணத்தில்தான் கிளம்புகிறேன்.

அந்தப் பாதையை முழுதாக இரண்டு தடவை முடித்தவன், எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். என்ன வாங்குவது, எப்படிப் பழகுவது, மனசை எப்படித் தயார் பண்ணிக்கொள்வது, எல்லாம் விவரமாக எழுது.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


ஜனவரி 30

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். முதுகு பரவாயில்லை. உங்கள் இருமல் நின்றது கேட்டு நிம்மதி. இந்தப் பக்கம் பனி குறையவில்லை, காதை மூடிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.

உங்கள் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. வேலைப் பையிலேயே வைத்திருந்தேன்.

அண்ணி, வேண்டாம். இதற்குமேல் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அது கடைத்தெருவுக்குப் போய் வருகிற மாதிரி இல்லை. பாறை வழுக்கும். ஓடை ஒரு மணி நேரத்தில் இடுப்பு வரை ஏறும். பத்தடி தள்ளி நிற்கிற ஆள் மேகத்துக்குள் மறைந்துபோவான். கூப்பிட்டால் கேட்காது, காற்று நம் குரலை நம் வாய்க்குள்ளேயே தள்ளிவிடும்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. லிஃப்ட் குழிக்குள் ஒருத்தர் இறங்கினால் மேலே ஒருத்தர் நின்றே ஆக வேண்டும். இப்போதெல்லாம் மேலே நிற்கிறவரிடம் நான் நிமிஷத்துக்கு ஒரு தடவை, "இருக்கீங்களா?" என்று கேட்கிறேனாம். எல்லோரும் கேலி செய்கிறார்கள். மேலே ஆள் இருந்தும் இவ்வளவு பயப்படுகிறவன் நான். உங்களைத் தனியாக எப்படி அனுப்புவேன்?

அண்ணன் இருந்தால் சம்மதிப்பாரா என்று யோசித்துப் பாருங்கள்.

அனுமதியை ரத்து செய்துவிட்டதாக ஒரு வரி எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீங்கள் இருவரும் அப்படியே இருக்க வேண்டும்.

ரத்து செய்யவில்லை. அண்ணன் இருந்தால் என்று எழுதியிருந்தாய். அவர் இருந்தால் எனக்கு மலையில் என்ன வேலை?

நீ சொல்லித் தராவிட்டால் கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு போவேன். ஷூ வாங்கப் போனபோது அந்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மேடம், காலை நடைக்கா?" என்றார். பதினெட்டு நாள் மலை என்றேன். உடனே குரலே மாறிவிட்டது. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, ஒரு வீட்டையே முதுகில் ஏற்றிவிடப் பார்த்தார். மடக்கு மேஜை வேறு காட்டினார். மலையில் மேஜை எதற்கு? நான் யாருக்கு விருந்து வைக்கப் போகிறேன்?

ஷூவை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தினமும் பட்டறைக்கு நடந்தே போகிறேன், போக ஐந்து கிலோமீட்டர், வர ஐந்து. முதல் வாரம் முழங்கால் இரண்டும் அழுதன. இப்போது இடது மட்டும்.

என்னைத் தடுக்க உன்னால் முடியாது, தம்பி. உயிரோடு திரும்பி வர வைக்க முடியுமா, அதை யோசி. குறிப்பாக, உடுப்பு என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? அதை மறக்காமல் எழுது.

அண்ணி


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். மூன்று நாளாகக் காய்ச்சல். இன்று பரவாயில்லை, எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்கள் இடது முழங்காலுக்கு, ஏறும்போதல்ல, இறங்கும்போதுதான் ஆபத்து. இரண்டு நடைக்கோல் வாங்குங்கள். இறக்கத்தில் சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும். சாயங்காலம் கால் வீங்கும். சாக்ஸ் மூன்று ஜோடி, அதில் ஒன்று தூங்குவதற்கு மட்டும், எந்தக் காரணத்துக்கும் அதை நடக்கப் போடாதீர்கள். கொப்புளம் வந்த பிறகு மருந்து போடுவது வீண். எங்கேயாவது சூடாக உரசுகிற மாதிரி தெரிந்தால் அந்த நிமிஷமே உட்கார்ந்து பிளாஸ்டர் ஒட்டுங்கள். பின்னால் வருகிறவர்கள் காத்திருந்தால் காத்திருக்கட்டும்.

பசி வருமுன் சாப்பிடுங்கள். தாகம் வருமுன் குடியுங்கள். குளிருமுன் போர்த்துங்கள். மூன்றிலும் உடம்பு தாமதமாகத்தான் சொல்லும். அது சொல்லும்போது நேரம் போயிருக்கும்.

ஒரு கம்பளி ஸ்வெட்டர், ஒரு மழைக்கோட்டு, மழைக் கால்சட்டை. இவற்றைத் தண்ணீர் புகாத உறைக்குள் கட்டி வையுங்கள். பை கனக்கிறது என்று சாப்பாட்டில் குறையுங்கள், பாத்திரத்தில் குறையுங்கள், வேண்டுமானால் டென்ட்டையே வீட்டில் விட்டுவிட்டுப் பாதையோரக் குடில்களில் தங்குங்கள். ஸ்வெட்டரை மட்டும் விடாதீர்கள். யார் சொன்னாலும் விடாதீர்கள். எவ்வளவு தெரிந்தவனாக இருந்தாலும், உங்கள் பையில் எது இருக்க வேண்டும் என்று இன்னொருவன் முடிவு செய்யக் கூடாது. இந்த வரிக்குக் கீழே மூன்று கோடு போட்டிருக்கிறேன், பாருங்கள்.

மனசைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீரம் தேவையில்லை அண்ணி. பயம் நல்லது, அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். முடித்தே தீர வேண்டும் என்ற எண்ணம்தான் ஆளை அழிக்கும். காலையில் கிளம்பும்போதே திரும்புகிற நேரத்தை முடிவு செய்துவிடுங்கள். பன்னிரண்டு மணி என்றால் பன்னிரண்டு மணி. எதிரே போய்ச் சேர வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிந்தாலும், வானம் சரியில்லையென்றால் திரும்பிவிடுங்கள். 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே' என்று ஒரு பேச்சு மனசுக்குள் வரும். அது வந்தால் நீங்கள் திரும்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

கை வலிக்கிறது. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் முழுதாக விட்டதா? எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுப் பையோடு பழகிப் பார்க்கலாம் என்று ஊருக்குப் பின்னால் இருக்கும் நீர்த்தேக்கத்துக் குன்றுக்குப் போனேன். பதினோரு கிலோ. ஏறும்போது வெயில். உச்சிக்குப் போனதும் மூடுபனி இறங்கிவிட்டது. நான் நேராக நடந்தேன், சத்தியமாக நேராகத்தான் நடந்தேன். அரை மணி கழித்து ஓர் உடைந்த அறிவிப்புப் பலகை வந்தது. இன்னும் அரை மணி நடந்தேன், மறுபடி அதே பலகை.

அப்போது எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. ஓட ஆரம்பித்தேன். பதினோரு கிலோவைத் தூக்கிக்கொண்டு, எங்கே என்று தெரியாமல், வாய்விட்டுக் கத்திக்கொண்டு ஓடினேன். யாரையோ கூப்பிட்டேன், யாரை என்று நினைவில்லை. வேர் தடுக்கி விழுந்த பிறகுதான் நின்றேன். விழுந்திருக்காவிட்டால் எதுவரை ஓடியிருப்பேனோ.

அங்கேயே உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்துத் தின்றேன். அவசரத்தில் பாதி ஓடு வாய்க்குள் போனது. தண்ணீர் குடித்தேன். பிறகு தூரத்தில் பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. அதை வைத்து மெதுவாகப் போனால், பம்ப் அறைக் காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

"எங்கம்மா போறீங்க?"

"ஊருக்குத்தான்."

"ஊருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஊருக்குப் போறீங்களா?"

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்ட பிறகு ஒரு மணி நேரம் அழுதேன். பார்த்துப் பழகிய குன்றிலேயே இந்தப் பாடு.

ஆனால் அன்றிலிருந்து ஒரே கேள்வி. அவரும் அப்படிப் பயந்தாரா? கத்தினாரா? நீ மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர் என்று எழுதுகிறாய், சாக்ஸ் எழுதுகிறாய், பிளாஸ்டர் எழுதுகிறாய். பதினொன்றாம் நாளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. "அண்ணன் கொஞ்சம் ஓய்வெடுக்கிறேன்னு உட்கார்ந்தார், நான் ஆள் கூட்டிட்டு வரதுக்குள்ள முடிஞ்சுடுச்சு" என்று அன்றைக்கு எல்லோருக்கும் சொன்ன அதே இரண்டு வரிதான் எனக்கும் தெரியும்.

மற்றபடி, ஸ்வெட்டர் தவிர எல்லாம் வாங்கிவிட்டேன்.

அண்ணி


மார்ச் 24

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் சுகம்தான். சிராய்ப்பைக் கழுவி மருந்து போட்டீர்களா? சின்னக் காயம் என்று விடாதீர்கள்.

வழி தவறினால் நிற்க வேண்டும், ஒரு அடிகூட வைக்கக் கூடாது. உட்கார்ந்து, ஏதாவது தின்று, போர்த்திக்கொண்டு, மூச்சு சீரான பிறகுதான் வரைபடத்தைப் பிரிக்க வேண்டும். நீங்கள் கடைசியில் செய்தது சரி. ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். மூன்று தடவை ஊதி, நிறுத்தி, மறுபடி மூன்று தடவை. கத்தினால் தொண்டை போய்விடும், விசிலுக்குத் தொண்டை தேவையில்லை. ஓடையைத் தாண்டும்போது பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பை உங்களை இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

ஸ்வெட்டர் ஏன் வாங்கவில்லை? முதலில் வாங்க வேண்டியதே அதுதான். உடனே வாங்குங்கள். வாங்கிவிட்டு எழுதுங்கள்.

அண்ணன் பயப்படவில்லை.

அவசரமாக எழுதுகிறேன், ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய் ஆள் மாட்டியிருக்கிறார்.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஸ்வெட்டர் வாங்கத் தேவையில்லை. வீட்டில் ஒன்று இருக்கிறது.

போன வருஷம் செப்டம்பர் முப்பதாம் தேதி, எல்லாம் முடிந்து வந்தவர்களும் போன பிறகு, தபால்காரர் ஒரு பார்சல் கொடுத்தார். நீங்கள் மூன்றாம் நாள் தங்கிய ஊரின் முத்திரை. பிரித்தேன். உன் அண்ணனுடைய பச்சை ஸ்வெட்டர், மழைக் கால்சட்டை, ஒரு தார்ப்பாய். ஒரு சீட்டுகூட உள்ளே இல்லை. மேலே எழுதியிருந்த முகவரி உன் கையெழுத்து.

நீ எங்கள் வீட்டில் நான்கு வருஷம் தங்கிப் படித்தவன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

அதை அலமாரியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நீயே சொல்வாய் என்று பார்த்தேன். பிப்ரவரியில் உன்னிடம் உடுப்பு விவரம் கேட்டபோதும் அதற்காகத்தான் கேட்டேன். அது நல்ல எண்ணத்தில் கேட்ட கேள்வி இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

நீ மூன்று கோடு போட்டிருந்தாய். அந்தக் கோட்டைப் பார்த்த அன்றிலிருந்து எனக்கு மலையைவிட உன் அடுத்த கடிதத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. இருந்தாலும் எழுது.

அண்ணி


மே 17

அண்ணி,

ஐந்து வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். வணக்கம்கூட எழுத வரவில்லை. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஊரில் தபால் நிலையத் தராசில் இரண்டு பையையும் நிறுத்தேன். அண்ணனுடையது பதினாறு கிலோ, என்னுடையது பத்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு தடவை முடித்தவன் அல்லவா? அவர் வாசற்படியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் பையைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே போட்டேன்.

"டேய், குளிர்ந்தா என்னடா பண்றது?"

"நடந்தா தானா சூடாயிடும்ணா. சும்மா இரு."

சும்மா இருந்தார். எனக்குத் தெரியும் என்று நம்பினார். முகவரியை நானே எழுதி ஒட்டினேன்.

பதினொன்றாம் நாள் பத்து மணிக்கு மழை பிடித்தது. பனிக்கட்டி கலந்த மழை. பன்னிரண்டு மணிக்கு அண்ணன் நின்று, "திரும்பிடலாம்டா" என்றார். கணவாய்க்கு இரண்டு மணி நேரம்தான் பாக்கி. "பாதிக்கு மேல வந்தாச்சு, இப்பப் போய்த் திரும்பறதா? என்ன சின்னப் பிள்ளையா நீ?" என்றேன். நான் முன்னால் நடந்துவிட்டேன். நான் போனால் அவரும் வந்துதானே ஆக வேண்டும் என்று வேண்டுமென்றே வேகமாக நடந்தேன். கணவாய்க்கு மேல் ஏறித் திரும்பிப் பார்த்தால் வெள்ளையாக மேகம்தான் இருந்தது.

திரும்பி ஓடி வந்தேன். ஒரு பாறையோரம் உட்கார்ந்திருந்தார். நடுக்கம்கூட இல்லை. அது நல்லது என்று அந்த நேரத்தில் நினைத்தேன் அண்ணி. நடுக்கம் நின்றால் உடம்பு கைவிட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும், புத்தகத்தில் படித்திருக்கிறேன், இருந்தும் அப்படி நினைத்தேன். பேச்சு குழறியது. வேர்க்கிறது என்று சட்டைப் பித்தானைக் கழற்றப் பார்த்தார்.

என் ஸ்வெட்டர் என் மேல் இருந்தது. என் மழைக்கோட்டை எடுத்து அவர் மேல் போட்டேன். ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. மறந்துவிட்டேன் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. கழற்றினால் நானும் செத்துவிடுவேன் என்று பயந்தேன். அவ்வளவுதான். கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் குடிலுக்கு ஓடினேன். ஆட்களோடு திரும்பி வர நான்கு மணி நேரம் ஆனது.

அவர் பயந்தாரா என்று கேட்டீர்கள். பயந்தது நான்.

நான் குடிலுக்கு ஓடக் கிளம்பும்போது அவர் என்னிடம் ஒன்று சொன்னார். அதை எழுத முடியவில்லை.

நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். போகாதீர்கள்.

தம்பி


ஜூன் 8

(பத்தாம் நாள் ஊர்த் தபால் நிலையம், வந்து கேட்டால் கொடுக்கவும்)

அண்ணி,

எங்கே இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியாமல் எழுதுகிறேன்.

என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வராது என்று நினைத்துக்கொண்டேன். நேற்று மனசு கேட்காமல் பட்டறைக்கு ஃபோன் செய்தேன். "அவங்க ஒண்ணாம் தேதியிலேர்ந்து லீவு. மலைக்குப் போயிருக்காங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார் முதலாளி. கையிலிருந்த திருப்புளி குழிக்குள் விழுந்துவிட்டது. கீழே வரை அது இடித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

வானிலை அறிக்கையை மணிக்கொரு தரம் பார்க்கிறேன். பதினான்காம் தேதியிலிருந்து கணவாயில் காற்று கடுமையாக இருக்கும் என்கிறார்கள். இன்று நீங்கள் ஆறாம் நாள் குடிலில் இருக்க வேண்டும். ஓடையைக் காலையிலேயே தாண்டினீர்களா? கோபத்தோடு நடக்காதீர்கள் அண்ணி. கோபத்தில் இருக்கிறவர்களுக்குக் குளிர் தெரியாது.

அந்த ஊரிலிருந்து கீழே பேருந்து உண்டு, காலை ஏழரைக்கு. அதில் ஏறி வீட்டுக்குப் போய்விடுங்கள். என் முகத்தில் நீங்கள் இனி விழிக்கவே வேண்டாம். பேருந்தில் ஏறினால் போதும்.

தம்பி


ஜூன் 13

தம்பிக்கு,

பத்தாம் நாள் ஊரிலிருந்து எழுதுகிறேன். கை, கால் எல்லாம் இருக்கிற இடத்தில் இருக்கின்றன. மூக்குத் தோல் உரிந்துவிட்டது. நீயும் உன் மனைவியும் நலம் என்று நினைக்கிறேன்.

தபால் நிலையத்தில் உன் கடிதம் கிடைத்தது. மே மாதத்துக் கடிதம் கிளம்புவதற்கு முன்பே வந்தது. வாசித்தேன். பிறகு பத்து நாள் நடந்தேன். அதில் நான்கு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே நடந்தேன். எதிரே வந்த இரண்டு பேர், தனியாகப் பேசிக்கொண்டு வருகிறாளே என்று ஒதுங்கி வழி விட்டார்கள். இரண்டு நாள் எதுவும் தோன்றவில்லை. ஓடையைத் தாண்டும்போது மட்டும் நீ எழுதியபடி பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டுத் தாண்டினேன். தண்ணீர் காலை இழுத்தது. நடு ஓடையில் நின்றுகொண்டு இனி முன்னாலும் முடியாது, பின்னாலும் முடியாது என்று ஒரு நிமிஷம் நின்றேன். அந்த நிமிஷம் எவ்வளவு நீளம் என்று யாருக்கும் சொல்ல முடியாது.

இன்று காலை ஊரின் கடைசி வீடு வரை நடந்துபோய் நான் ஏற வேண்டிய சரிவைப் பார்த்தேன். மேகம் மூடியிருந்தது. பாதை அதற்குள் போய் முடிந்துவிடுகிறது. என்னால் முடியாது தம்பி. கால் வலி இல்லை, பை கனமில்லை, பயம்தான். அங்கேயே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கணவாயைத் தாண்டும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களோடு போகலாம் என்று விடுதிக்கார அம்மா சொல்கிறார். எனக்கு அவர்களோடு போக மனசில்லை. அவர்களுக்கு அது ஒரு கணவாய்.

நீ வா. உன்னைப் பார்க்க எனக்கு ஆசையில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் அந்த ஒரு நாளை நீயும் நானும்தான் நடக்க முடியும். பதினேழாம் தேதி சாயங்காலம் வரை இங்கே இருப்பேன். நீ வராவிட்டால் பதினெட்டாம் தேதி காலை பேருந்தில் வீட்டுக்குப் போய்விடுவேன். தனியாக ஏற மாட்டேன். அந்த வாக்கு மட்டும் தருகிறேன், நீ நிம்மதியாகத் தூங்கு.

அண்ணி


ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். உன் மனைவி உன்னைப் பார்த்து மூச்சு விட்டிருப்பாள். நான் நேற்று மாலை நான்கு மணிக்கு முடித்தேன். பாதை முடிகிற இடத்தில் ஒரு சைக்கிள் கடை இருக்கிறது. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நேரில் சொல்லாததை எழுதிவிடுகிறேன். அந்த இரண்டு நாளும் நாம் அதிகம் பேசவில்லையே.

நீ பதினேழாம் தேதி கடைசிப் பேருந்தில் இறங்கியபோது உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு இளைத்திருந்தாய். அடுத்த நாள் ஏறும்போது பத்தரைக்கு மேகம் இறங்கியது. நீ முன்னால் நின்றாய். உதடு வெளுத்து, கையுறையைப் போடத் தெரியாமல் போட்டுப் போட்டுக் கழற்றினாய். திரும்பிவிடலாம் என்று நீ சொல்லவில்லை. சொல்லவும் பயம், நடக்கவும் பயம். அதுவரை எனக்கு உன்மேல் இருந்த பயம், ஆமாம், உன்னோடு ஏறும்போது எனக்கு உன்மேலும் பயம் இருந்தது, அது அப்போது குறைந்தது. "திரும்பிடலாம்டா" என்று நான் சொன்னதும் நீ அங்கேயே உட்கார்ந்து அழுதாய். அவர் சொன்ன அதே வார்த்தையை நான் சொல்லிவிட்டேன் என்று இறங்கி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வேண்டுமென்று சொல்லவில்லை.

பத்தொன்பதாம் தேதி வானம் தெளிவாக இருந்தது. அந்தப் பாறைக்கு முன்னால் சரிவில் நீ கை நீட்டினாய். நான் பிடிக்கவில்லை. வழுக்கிற இடம், பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை. நாலு காலில் தவழ்ந்து வந்தேன். நீ கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தாய். அதை நான் பார்த்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

அங்கே நின்று, அவர் உன்னிடம் என்ன சொன்னார் என்று கேட்டேன். நீ சொன்னாய்: "நீ போடா."

அவ்வளவுதான். ஒன்பது மாதமாக உன்னைத் தின்றது அந்த இரண்டு வார்த்தை. கோபத்தில் சொன்னாரா, ஓடிப்போய் ஆள் கூட்டி வா என்று சொன்னாரா என்று உனக்குத் தெரியவில்லை. அவர் சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டு என்றேன். மூன்று தடவை சொன்னாய். மூன்றும் மூன்று விதமாக இருந்தது.

பத்தொன்பது வருஷம் அந்த மனுஷன் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். உன்னைத் திட்டும்போதும் அதுதான், தட்டில் இன்னொரு முட்டையைத் தள்ளிவிட்டு நீ வேண்டாம் என்றால் அதற்கும் அதுதான். எது என்று எனக்குத் தெரியும் என்று பொய் சொல்லிவிடலாம் என நினைத்தேன். உனக்கு அது போதுமாக இருந்திருக்கும். ஆனால் எனக்குத் தெரியவில்லை தம்பி. உனக்கும் இனித் தெரியப்போவதில்லை. அதை வைத்துக்கொண்டுதான் நீயும் நானும் இருக்க வேண்டும்.

அன்று அங்கே அழுகை வரும் என்று பயந்தேன், வரவில்லை. பசித்தது. ரொட்டியைப் பிய்த்து உனக்குப் பாதி கொடுத்தேன். நீ கையிலேயே வைத்திருந்தாய். "தின்னு, இறங்கணும்" என்றேன், தின்றாய்.

பிறகு வந்த ஏழு நாளும் தனியாகத்தான் நடந்தேன். ஒவ்வொரு நாளும் பயமாக இருந்தது. ஒரு நாள் நாய் துரத்தியது. ஒரு நாள் வழி தவறி, நின்று, தின்று, திரும்பினேன். கோபம் போய்விட்டதா என்று உன் மனைவி கேட்டால், போகவில்லை என்று சொல். உன்னிடம் அதை மறைக்கவும் போவதில்லை.

சனிக்கிழமை நான் திரும்பும் பேருந்து உன் ஊர் வழியாகத்தான் போகிறது. பத்து மணிக்கு அங்கே இறங்குகிறேன். இரண்டு நாள் இருப்பேன். நிலையத்துக்கு நீயே வா, வேறு யாரையும் அனுப்பாதே. வரும்போது உன்னுடைய பழைய செருப்பு ஒரு ஜோடி எடுத்து வா. கால் இரண்டும் வீங்கி, ஷூவுக்குள் போக மாட்டேன் என்கின்றன.

அண்ணி